மூன்றாவது அடைப்பு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஒரு வீட்டில் தண்ணீர் இறங்க மறுத்த கதை சொல்கிறேன். சின்னதுதான், உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த வீட்டு வாஷ் பேசின் அடைத்துக்கொண்டது. பாதி முகத்தில் சவர நுரையோடு மாமனார் நிற்கிறார். தண்ணீர் தளும்பி நிற்கிறது. சல்லடை உடைந்துபோன பேசின், எது விழுந்தாலும் விழுங்கிவிடும்.

இது மூன்றாவது அடைப்பு. முதல் இரண்டு முறையும் கொத்தாக வந்தது மருமகளின் முடி. இடுப்பைத் தாண்டித் தொங்கும் கூந்தல் அவளுக்கு. பிறந்த வீட்டிலிருந்து அவள் பெருமையாகக் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

"இன்னொரு தடவை அடைச்சா கத்தரிதான். தோளோட நறுக்கிடுவேன்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். மருமகளும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் தலை வாருவது மொட்டை மாடியில்.

அப்படியும் அடைப்பு.

"என் முடி இல்ல மாமா. இப்பவே திறந்து காட்டறேன், பாருங்க." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியோடு பேசினுக்கு அடியில் நுழைந்தாள்.

தலையில் சுற்றிய துண்டோடு மாமியார் ஓடிவந்தாள். விடியற்காலையில் குளித்த தலை, மணி பத்தாகியும் காயவில்லை.

"எதுக்கும்மா அதைப் போய்த் திறந்துகிட்டு? பவுடர் போட்டா தானா கரைஞ்சிடும். வெளிய வாடி கண்ணு."

கண்ணாம்! கல்யாணமாகி வந்த இத்தனை நாளில் முதல் முறை.

மருமகள் காதில் வாங்கவில்லை. கூந்தல் போகிற விஷயமல்லவா? அடிக்கிண்ணத்தைத் திருகினாள். சொளக்கென்று அழுக்குத் தண்ணீர் வாளியில் விழுந்தது. விரலை விட்டாள். தட்டுப்பட்டது. இழுத்தாள்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழ நீளம், எலிவால் பருமன்.

தன்னுடையதேதானோ?

கடைசி முனையும் வந்தது. அதில் கறுப்பு நூலை வரிந்து சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

எந்தத் தலையிலும் முடி நூலோடு முளைப்பதில்லை.

சவுரி.

மருமகள் நிமிர்ந்தாள். 'இந்த வயசுல எவளுக்கு இப்படிக் கொண்டை இருக்கு?' என்று தெருவையே கேட்கும் மாமியார், துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல்.

"என்னம்மா, யாரோடதாம்?" மாமனார் எட்டிப் பார்த்தார்.

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் கூந்தல் பிழைக்கும்.

மருமகள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"என்னோடதுதான் மாமா."

"அப்படிப் போடு. எங்கடி கத்தரி? கொண்டா இங்க" என்று மாமனார் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீங்க சும்மா இருங்க! நீளமா வளர்ந்தா நாலு கொட்டத்தான் செய்யும். வீட்டுப் பொண்ணு தலையில கத்தரி வைக்கிறதாம், பேச்சைப் பாரு!" சீறிவிட்டு அவள் அடுக்களைக்குள் மறைந்துவிட்டாள்.

மாமனார் கன்னத்து நுரையைப் புறங்கையால் வழித்தார். அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை. பிறகு மருமகளின் மூடிய கையருகே குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஷாம்பு போட்டு அலசி நிழல்ல காயவை தாயி. வெயில் பட்டா செம்பட்டையாயிடும். முப்பது வருஷமா அவ அப்படித்தான் காயவைக்கிறா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகிட்டு."

தெரிந்தும் தெரியாதவராக இருக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும், கண்ணுகளா. நீங்களும் அவரும் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருங்கள்.