மடி நனைந்த சாட்சி

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய் வாடகைப் பாக்கி. மூட்டை தூக்கும் செங்கேணியால் கட்ட முடியவில்லை. ஒன்றரை வயது மகளின் இடுப்பில் கட்டியிருந்த செயற்கைச் சிறுநீரகத்தைக் கழற்றிக்கொண்டு போக, அதை வாடகைக்கு விட்ட கம்பெனியின் ஆள் ஜெபராஜ் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“கழட்டுனா புள்ள தாங்காது சார். அவளே ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சிட்டா பாக்கி தள்ளுபடின்னு பத்திரத்துல இருக்குல்ல?”

“இருக்குய்யா. ஆனா கம்பெனி ஆளு கண்ணால பாக்கணும். பொறந்ததுலேருந்து ஒரு சொட்டு போயிருக்காளா?”

நேற்றுதான் மகள் படுத்திருந்த பாயில் கையகல ஈரத்தைப் பார்த்திருந்தார் செங்கேணி. காலையிலிருந்து கஞ்சித்தண்ணீர் குடித்த மகளை, ஜட்டிகூடப் போடாமல் தூக்கி ஜெபராஜின் மடியில் வைத்தார்.

“கழட்ட வசதியா இருக்கும் சார்.”

ஜெபராஜ் கருவியின் பட்டையில் கை வைத்தார்.

“ஐயய்யோ!”

“பாத்துட்டீங்களா சார்? இன்னொரு வாட்டி போகச் சொல்லட்டுமா?”

பேன்ட் சொட்டச் சொட்ட நின்றபடியே, மொத்தப் பாக்கியும் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஜெபராஜ்.