வளைவில் வந்த நெருப்பு

தாவூதின் வண்டிக்குப் பின்னால் முழ நீளத்துக்கு நெருப்பு வந்தது. சோழவரம் கார் பந்தயத்துக்குக் கூடியிருந்த கூட்டம் கைதட்டி விசிலடித்தது. லூயிஸ் மட்டும் கைதட்டவில்லை.

"இன்னாண்ணே, வண்டி பத்திக்கினு போவுது?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற ஷம்ஷாத். தாவூதைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பந்தயம் பார்க்க அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றான் லூயிஸ். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

லூயிசும் தாவூதும் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் துறைமுக லாரிகளுக்கு ரிப்பேர் வேலை பார்த்தார்கள். காயலாங்கடையில் கிடந்த பழைய ஃபியட் ஒன்றை இழுத்துவந்து, வேலை ஓய்ந்த நேரத்திலெல்லாம் அதைப் பந்தய வண்டியாக்கினார்கள். சைலன்சரைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டினார்கள். எஞ்சின் வேலை பெரும்பாலும் லூயிசுடையது. ஓட்டுவதில் தாவூது கெட்டிக்காரன் என்பதால் ஸ்டியரிங் அவனிடம் போனது. அதில் லூயிசுக்கு வருத்தம் இருந்ததில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பந்தயக்காரர் கொட்டகைக்கே வந்தார். தாவூது சோழவரத்தில் முதலாவதாக வந்தால் தன் அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இந்த எஞ்சினைச் செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷத்தில் தாவூதும் சொல்ல மறந்துபோனான். அன்றிலிருந்து லூயிசுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பெங்களூர் போய்விடுவான், நாம் இங்கே லாரிக்கு அடியிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் புழுங்கினான். வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தான்.

நேற்றுச் சாயங்காலம் தாவூது தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிவிட்டான். பெட்ரோல் தேவைக்கு மேல் இறங்கும், எஞ்சின் திணறும், தாவூது பின்தங்கிப்போவான். அவன் நினைத்தது அவ்வளவுதான். நண்பன் உயிருக்கே உலை வைக்கிறோம் என்று நினைக்கவில்லை.

இப்போது தெரிந்தது. எஞ்சினில் எரியாத பெட்ரோல்தான் குழாய் வழியாக வந்து வெளியே பற்றிக்கொள்கிறது. குழாய்க்கு மேலேயே பெட்ரோல் டேங்க் இருந்தது.

நேர்ப்பாதையில் தாவூது இரண்டு வண்டிகளைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தான். எஞ்சின் கொஞ்சமும் திணறவில்லை. வளைவு வந்ததும் அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க, படபடவென்று வெடித்து மறுபடியும் நெருப்பு வந்தது. லூயிசின் கண்ணில் அந்த நெருப்பைத் தவிர வேறெதுவும் படவில்லை.

ஷம்ஷாத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு துவா ஓத ஆரம்பித்தாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு அவனால் நிற்க முடியவில்லை. தடுப்பைத் தாண்டிக் குதித்தான். சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு பாதையை நோக்கி ஓடினான். கொடி பிடித்திருந்த ஆள் கத்தியது அவன் காதில் விழவில்லை.

தாவூது அவனைப் பார்த்துவிட்டான். டயர் தேய்ந்து கிறீச்சிட வண்டியை ஒடித்துப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தினான். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக அவனைக் கடந்து போயின.

லூயிஸ் கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தான். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினான். பெங்களூர்க்காரர் வந்ததிலிருந்து தன் மனசு கெட்டுப்போனதைச் சொன்னான், ஸ்க்ரூவைத் திருகியதையும் சொன்னான்.

"நான் பாவி மாமு. உனுக்கு ஒண்ணு ஆயிருந்தா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

தாவூது ஹெல்மெட்டைக் கழற்றினான். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. தூரத்தில், பந்தயம் பார்க்க வந்திருந்த பெங்களூர்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். அவர் கூட்டத்தில் மறையும்வரை தாவூது பார்த்துக்கொண்டே நின்றான்.

"பந்தய வண்டின்னா நெருப்பு வரும் மாமு" என்றான் மெதுவாக. "வேகமா போய்க்கினு கீறப்போ சட்டுனு காலை எடுத்தா, மிச்ச பெட்ரோலு சூட்டுக் குழாய்ல வந்து பத்திக்கும். வெளியிலயே எரிஞ்சி அணைஞ்சிடும். வண்டி நல்லா கீதுன்னு அர்த்தம்."

லூயிஸ் எஞ்சின் பக்கம் திரும்பினான். "அப்ப... நான் திருகிவுட்டது?"

தாவூது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத காலையிலயே சரி பண்ணிட்டேன்."