தேங்காய்ப் பற்கள்

அழுகை சட்டென்று நின்றது.

கூடத்தில் நின்ற தாய் அறைப்பக்கம் திரும்பினாள். தேத்தண்ணித் தட்டத்தை யார் கையில் கொடுத்தாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

பிள்ளை அழுதால் எந்தத் தாயும் பதறுவாள். அழுகை நின்றதற்குப் பதறியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

சற்று முன்தான், சின்னவளுக்குப் பல் முளைத்ததற்காகப் பல்லுக்கொழுக்கட்டை தலையில் கொட்டி முடிந்திருந்தது. சின்னவளைப் பலகையில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, மாமி முறைக்கு யசோ மச்சாள் கொட்டினாள். கொழுக்கட்டை ஒவ்வொன்றின் விளிம்பிலும் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளால் பல் வைத்திருந்தார்கள். வரிசை பிசகாமல், வெள்ளை வெளேரென்று. பிள்ளைக்கும் அப்படியே முளைக்க வேண்டுமாம்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். கீழ் ஈற்றில் இரண்டு பற்கள், அரிசி அளவு.

மூத்தவள் துவாரகா மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு வயது. மேல்வரிசையில் முன்பற்கள் நாலும் இல்லை.

விழவில்லை. பிடுங்கினார்கள்.

சனமும் வெக்கையும் சேர, சின்னவள் நித்திரைக்கு அழத் தொடங்கினாள். மச்சாள் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீர் வந்த சனத்தைக் கவனியும். போத்தலைக் குடுத்தா இவள் படுத்திடுவாள்."

பால் போத்தலை மச்சாள் ஏற்கெனவே கரைத்து வைத்திருந்தாள். உள்ளே எவ்வளவு சீனி போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மச்சாளின் அன்புக்கு அளவு தெரியாது, கரண்டிக்கும் தெரியாது.

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். கூடம் நிறையச் சனம். கணவனின் தமக்கை. இப்போதுதான் மங்கலமாகக் கொட்டிய கை.

சொல்லை விழுங்கிவிட்டாள்.

துவாரகாவுக்கும் அப்படித்தான் விழுங்கினாள். போத்தல் வாயில் இருந்தால்தான் அவள் உறங்குவாள். முன்பல்லில், ஈற்றோரமாக, ஒரு நாள் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. பிறகு அது மஞ்சளானது. பிறகு கறுத்தது. "பால்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்றாள் மச்சாள். அவளும் நம்பினாள். நம்புவது சுகமாகத்தான் இருந்தது.

ஒரு காலை, பிள்ளையின் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார்கள். சீழ் தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்று டொக்டரிடம் கேட்டாள். உடனே பிடுங்க வேண்டும் என்றார் அவர்.

பல்லைப் பிடுங்கிய பிறகுதான் விளக்கினார். நித்திரையில் வாய் உலர்ந்துவிடும். பல்லைக் கழுவ எச்சில் ஊறாது. சீனிப்பால் விடியும்வரை பல்லிலேயே நின்று அரிக்கும்.

பக்கத்துக் கட்டிலில் துவாரகா கண்ணை மூடிக் கிடந்தாள். நித்திரை என்றுதான் நினைத்தார்கள்.

இப்போது அறை வாசலில் மச்சாள் எதிரே வந்தாள்.

"படுத்திட்டாள். மூத்தவள் பக்கத்தில இருக்கிறாள்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். கையில் போத்தல் இல்லை.

உள்ளே யன்னல் சாத்தியிருந்தது. இருட்டில் ஒன்றும் பிடிபடவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது.

போத்தலைச் சப்பும் சத்தம்.

அந்தச் சத்தத்தை ஒரு காலத்தில் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள்தான்.

கட்டிலுக்கு ஓடினாள். சின்னவளின் வாயைத் தடவினாள். வாயில் ஒன்றுமில்லை. உதடு உலர்ந்து, லேசாகத் திறந்து, நல்ல நித்திரை.

சத்தம் நிற்கவில்லை. கண் மெல்ல இருட்டுக்குப் பழகியது.

கட்டிலுக்கு அப்பால், நிலத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு துவாரகா இருந்தாள். இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்திருந்தாள். மருந்து குடிக்கிறவள் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு அவசர அவசரமாக உறிஞ்சினாள். கொஞ்சம்தான் மிச்சம்.

தாயைக் கண்டதும் போத்தலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தங்கச்சி குடிக்கேல்லை அம்மா. அவள் நித்திரையானவுடன நான் எடுத்திட்டன்."

"நீ ஏன் பிள்ளை குடிக்கிறாய்?"

"மிச்சம் இருந்தா மாமி திருப்பிக் குடுப்பா." பிறகு, ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்: "எனக்கெண்டா பல்லு இல்லைத்தானே."

தாய் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள்.

எட்டி யன்னலைத் தள்ளினாள். மகளின் நாடியைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னாள்.

பின்பற்கள் இருந்தன. கடைசிப் பல்லின் ஓரத்தில், ஈற்றை ஒட்டி, ஒரு வெள்ளைக் கோடு.

பாலா, கோடா என்று தெரியவில்லை.

சேலைத் தலைப்பை விரலில் சுற்றித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

கூடத்திலிருந்து மச்சாளின் குரல் கேட்டது.

"பிள்ளை எழும்பிட்டாளோ? இன்னொரு போத்தல் கரைக்கட்டோ?"

அவள் எழும்பினாள். மிச்சப் பாலோடு போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு சனத்துக்கு நடுவே போனாள்.