பந்தலோனே தேடிய மாப்பிள்ளை

"இஞ்சருங்கோ, படத்தில பாத்ததை விடப் பிள்ளை நல்ல வெள்ளை!" என்று புஷ்பராணி கணவரின் விலாவில் இடித்தார்.

மேடையில் கறுத்த பின்னலோடு, விசிறியால் பாதி முகத்தை மறைத்து நின்றவளைச் சண்முகலிங்கமும் பார்த்தார்.

"பவுடராயிருக்கும். மெல்லக் கதையும். ஒருத்தருக்கும் தெரியாமல் பொம்பிளை பாக்க வந்துபோட்டு, பட்டுச்சீலை வேற!"

மகன் கிருஷாந்துக்குப் பேசிவந்த நிலக்சி, டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நாடகம் நடிக்கிறாள் என்று தரகர் சொன்ன நாளிலிருந்து புஷ்பராணிக்கு நித்திரை இல்லை. முறைப்படி போகமுன் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிடலாம் என்று தங்கள் ஊரான கிரின்ஸ்டெட்டிலிருந்து கணவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வடிவுதான். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கூத்தெல்லாம் சரிவராது. முதலே சொல்லிப்போட வேணும்," என்றார் புஷ்பராணி.

"அந்தப் பிள்ளை ஓமெண்டு சொல்லாட்டி?"

"வேற இடம் பாப்பம்."

அது இத்தாலிக்காரரின் பழைய முகமூடிக் கூத்து. எழுதிவைத்த வசனம் கிடையாது. வாயில் வந்ததைப் பேசலாம். பந்தலோனே என்ற கஞ்சக் கிழவருக்கு வளைந்த மூக்கு முகமூடி, கூன் முதுகு. செலவில்லாமல் மகளைக் கட்டிக்கொடுக்க அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே புஷ்பராணிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

திடீரென்று கிழவர் இருமிக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, நேராகப் புஷ்பராணியிடம் வந்தார்.

"அம்மணி, உங்களிடம் மலிவாக ஒரு மகன் கிடைப்பானா?" என்று கரகரத்த குரலில் டேனிஷில் கேட்டார்.

அரங்கமே திரும்பியது. இருபது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற புஷ்பராணிக்குக் கிழவர்கள் புதிதா என்ன? கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அவரும் டேனிஷிலேயே பதில் சொன்னார்.

"இருக்கிறான். சீதனமும் வேண்டாம்."

"சமைப்பானா?"

"முட்டை பொரிப்பான். மிச்சத்தை நான் பழக்கிவிடுகிறேன்."

"என் மகள் மேடை ஏறி ஆடுகிறவள். தடுப்பீர்களா?"

"ஏன் தடுக்கிறேன்? நான் இப்படிச் சிரித்து எத்தனை வருடம்! முன்வரிசையில் வந்து இருப்பேன்!"

கைதட்டல் அடங்க நேரமானது. சண்முகலிங்கம் மனைவியை வாய் பிளந்து பார்த்தார்.

நாடகம் முடிந்ததும் புஷ்பராணி அந்தப் பின்னல்காரியிடம் ஓடினார்.

"பிள்ளை நிலக்சி..."

அவள் பின்னலை அப்படியே தலையிலிருந்து கழற்றினாள். உள்ளே பொன்னிற முடி. விளங்காமல் சிரித்துவிட்டு, "நிலக்சியா? அதோ!" என்று டேனிஷில் சொல்லிக் கை காட்டினாள்.

அங்கே பந்தலோனே கூனை நிமிர்த்தி, முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்னைப் பாக்க வந்தனீங்கள், நான் உங்களைப் பாக்க இறங்கி வந்தனான், மாமி," என்றாள் நிலக்சி. "பட்டுச்சீலையைக் கண்ட உடனேயே ஆரெண்டு விளங்கிட்டுது. எனக்குப் பிடிச்சிருக்கு. இனி மகனை வரச் சொல்லுங்கோ, பாப்பம்."