கேட்க வந்தவர்

பெல்சியா வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த கஸ்பார், வந்த விஷயத்தை விட்டுவிட்டு மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சாளைக்கு விலையே இல்லை என்றார். ஐஸ்காரன் அடிக்கிற கொள்ளை தாங்கவில்லை என்றார். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த பெல்சியா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள்.

வந்த விஷயம் தெருவுக்கே தெரியும்.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஊர்க் கமிட்டி கோயில் முற்றத்தில் கூடி, ரெக்சனின் மனைவியை நிறுத்துவதென்று முடிவு செய்தது. ரெக்சனுக்குத் தூத்துக்குடியில் விசைப்படகுகள் ஓடுகின்றன. நாற்காலி மனைவிக்கு, அதிகாரம் அவனுக்கு. ஊர் ஒருவரைச் சொல்லிவிட்டால் வேறு யாரும் மனுப் போடுவதில்லை. போட்டியே இல்லாமல் அன்னபோஸ்டாக ஜெயிப்பதுதான் அங்கே வழக்கம்.

இந்தத் தடவை பெல்சியா போட்டுவிட்டாள். புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு, ஏலக்கூடத்தில் மீன்கூடை சுமக்கிறவள்.

இன்றைக்கு மூன்று மணிக்குள் யூனியன் ஆபீசுக்குப் போய் அவள் மனுவை வாபஸ் வாங்கியாக வேண்டும். ஊர்த்தலைவர் போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று கமிட்டி கஸ்பாரை அனுப்பியிருந்தது. அவளை ஏற்றிப் போக வாசலில் ஆட்டோகூட நின்றது.

ஊர்த்தலைவர் படியேறி வந்து கேட்டு, முடியாது என்று சொன்ன வீடு அந்த ஊரில் இல்லை.

கஸ்பாருக்குத்தான் கேட்க வாய் வரவில்லை.

எத்தனை வீட்டுப் படி. முன்பு வலை அறுந்த தகராறு, ஓடிப்போன பிள்ளைகள் என்று கூப்பிடுவார்கள். இப்போது எலெக்‌ஷன் வந்தால்தான் அவர் நினைப்பு வருகிறது. ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிக்காரன் முதலில் அவருக்குத் துண்டு போர்த்திப் படம் எடுத்துக்கொள்வான். பெரிய அதிகாரி கூட்டம் போட்டால் முன்வரிசையில் நாற்காலி உண்டு. மைக் மட்டும் கைக்கு வராது.

ஊர் வாயை மூட ஒரு ஆள் வேண்டும். அதற்கு அவர்.

போன வருஷம் பெல்சியாவின் சுவர்த் தகராறு ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. கூட்டத்தில் பெண்கள் உட்காருகிற பழக்கம் கிடையாது. அவளுக்காக வீட்டு ஆண் என்று அவள் கொழுந்தன் எழுந்து பேசினான். தகராறே அந்தக் கொழுந்தனோடுதான். சுவர் அவனுக்குப் போனது. தீர்ப்பைச் சொன்னவர் கஸ்பார்.

அந்தக் காந்தலில் மனுப் போட்டுவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கஸ்பாரும் அப்படித்தான் நினைத்தார். நின்றால் நிற்கட்டுமே என்றும் நினைத்தார்.

போன் அடித்தது. ரெக்சன். அவர் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. சட்டைப்பைக்குள்ளேயே வைத்து அமுக்கினார்.

பெல்சியா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வேறு ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அவர் முதல் டாக்டரிலிருந்து ஆரம்பித்தார்.

ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

கோயில் மைக்கில் மூன்று மணி ஜெபம் தொடங்கியது. இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கஸ்பார் போனை எடுத்தார். அவளிடம் கேட்கவே இல்லை, கேட்கத் தோன்றவில்லை என்று ரெக்சனிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவன் வைத வசவு பெல்சியாவுக்கும் கேட்டது. நாளைக்கே கமிட்டி கூடும். அவருடைய ஊர்த்தலைவர் பட்டம் போகும். போகட்டும்.

"நீ நில்லுளா. உன்ட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தார். அவளோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டிய மாமா. நீங்க விட்டுக்குடுன்னு கேப்பிய, பதிலுக்கு ஊர்க்கூட்டத்துல பொம்பளையளுக்கும் எடம் குடுங்கன்னு கேக்கலாம்னுல்லா மனு போட்டேன். நானாப் பேச்செடுத்தா பயந்துட்டாம்பாவ. ஊர் என் வாசலுக்கு வர வேற என்ன வழி இருக்கு?"

தலைவரான பிறகு அதிகாரமாகவே கேட்டு வாங்கலாமே என்று கஸ்பார் முனகினார். பஞ்சாயத்துத் தலைவருக்குத் தெருவிளக்கும் தண்ணிக் குழாயும்தான், கூட்டம் ஊருடையது, அது மாமாவுக்குத் தெரியாதா என்று அவள் கேட்டாள்.

தெரியும்.

காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அதைக் கழுவுகிற சத்தம் கேட்டது. கூடவே அவள் குரலும், அலுப்பாக.

"இனி ஜெயிச்சுல்லா தொலைக்கணும்."