எச்சில் செம்பு

கரவெட்டியில் அவசரகாலச் சட்டம் அமுலில் இருக்கும் ஓர் ஆடி மாத நடுப்பகல். மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றடியில் சிங்களச் சிப்பாய் ஒருவன் துவக்கும் தோளுமாக, உதடு வெடித்து நிற்கிறான். தோட்டக்காரி சிவக்கொழுந்து நீட்டும் செம்புக்குள் வெயில் நெளிகிறது. அவன் வாங்கவில்லை. ஒழுங்கையில் நிற்கும் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறான். "எங்கட காம்பில பெரிய ஆக்கள் சொல்றது, இங்க கிணறு எல்லாம் நஞ்சு. அந்தக் கதை நான் நம்ப இல்ல. அம்மா முதல்ல குடிங்க." அவள் முகம் கறுக்கிறது. "உந்தத் தண்ணியைத்தான் என்ரை பிள்ளையளும் குடிக்குதுகள்," என்று செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கிறாள். அவன் கண் அவள் உதட்டிலேயே நிற்கிறது. உதடு செம்பில் படவேயில்லை. "வாய் வைச்சு," என்று கெஞ்சுகிறான். அவள் வாய் வைத்து மடமடவென்று குடிக்கிறாள். அவன் முகம் தெளிய, இரண்டு கைகளும் நீள்கின்றன. எச்சில் செம்பை எப்படி ஒருவருக்குக் கொடுப்பது? மிச்சத்தை ஊற்றி, செம்பை அலசி, வாளியிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பி, "இந்தாங்கோ தம்பி," என்கிறாள். நீண்ட கைகள் இறங்குகின்றன. ஜீப் ஹோர்ன் அடிக்கிறது. "அந்தக் கதை நான் நம்ப இல்ல, அம்மா," என்று திரும்பவும் சொல்லி, வெடித்த உதட்டை நக்கியபடி அவன் போகிறான்.