பன்னிரண்டா, பதினாறா?

கையா, கம்ப்யூட்டரா என்ற வழக்குக்கு அன்று பதினைந்தாவது திங்கட்கிழமை. மரக்காணம் உப்பளப் பாதையில் ஓடை மேல் வரவேண்டிய கல்வெர்ட் என்கிற சிறுபாலத்துக்குப் பன்னிரண்டு மில்லி கம்பி போதும் என்றது இளம் இன்ஜினியர் கீதாஞ்சலியின் சாஃப்ட்வேர். பதினாறு இல்லாவிட்டால் லாரியோடு உள்ளே போய்விடும் என்று பதினெட்டுப் பக்கம் கையாலேயே கணக்குப் போட்டிருந்தார் சீனியர் இன்ஜினியர் தட்சணாமூர்த்தி.

இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. அது ஆபீஸ் விதி.

போன டிசம்பரில் கடல் ஏறி வந்து பழைய கல்வெர்ட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் உப்புக் குவியல்கள் மாட்டிக்கொண்டன. ஐப்பசி மழை முந்திக்கொண்டால் அத்தனையும் கரைந்துவிடும்.

அதைக் கட்ட வேண்டிய மேஸ்திரி சடையப்பன் ஓடையில் இறங்கி, இடுப்பு வரை சேறும் ஈரமுமாக வாராவாரம் வந்து கையெழுத்து ஆச்சா என்று கேட்டார். பிறகு ஒன்றரை மாதமாக ஆளைக் காணோம். அலுத்துப்போயிருப்பார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர்களுக்கே அலுத்துத்தான் போயிருந்தது.

அன்று அவர் சலவை வேட்டியில் வந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, எங்கனா கல்யாணமா?" என்றாள் கீதாஞ்சலி.

"அதெல்லாம் இல்லீங்க மேடம். இன்னைக்காச்சும் கையெழுத்து ஆவுமான்னு பாத்துட்டுப் போலாம்னு..."

தட்சணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "ஏம்மா, இனிமே என்னால முடியாது. ஞாயித்துக்கிழமை உக்காந்து திரும்பப் போட்டேன். லாரி எடைய கொஞ்சம் கொறச்சேன், பன்னெண்டே வந்துடுச்சு. நீ ஜெயிச்சுட்ட, போ."

கீதாஞ்சலி கையில் இருந்த பிரிண்ட் அவுட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"என்னம்மா அது?"

"சார்... நானும் உங்களுக்காக ஓடைத் தண்ணி மட்டத்த கொஞ்சம் ஏத்திட்டேன். பதினாறு வந்துடுச்சு."

தட்சணாமூர்த்தி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எது பெருசோ அதுவே இருந்துட்டுப் போவட்டும்," என்று பேனாவைத் திறந்தார். இரண்டு தாளிலும் பதினாறு ஏறியது. இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

"மழைக்கு முன்னாடி முடிச்சாவணும் மேஸ்திரி. நாளைக்கே கம்பி வளைக்கச் சொல்லுங்க."

சடையப்பன் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"கட்டியாச்சுங்களே. பத்து நாளா அது மேலதான் உப்பு லாரி போவுது. பில்லுக்குக் கையெழுத்து வேணுமேன்னு நானே அது மேல நடந்துதான் வந்தேன்."

தட்சணாமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "யோவ்! யாரு கணக்குப்படிய்யா கட்டின?"

"ரெண்டு பேரும் படிச்சவங்க, நான் யாரைத் தப்புன்னு சொல்றது? ரெண்டு கம்பியையும் சேத்தே போட்டுட்டேங்க."